மாண்ட்ரியலில் பொறுத்தவர், பீக்கிங்கில் எரித்தவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘எட்டாம் எல்ஜின் பிரபு ஜேம்ஸ் புரூஸ் நினைக்கப்பட வேண்டியது கனடாவில் ஆக்கியதற்கா, சீனாவில் அழித்ததற்கா?’ என்பது தலைப்பு. அழித்ததற்கே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கனடாவைப் பற்றி விரிவாகப் பேசினார். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. அவர் விட்டதையும் நானே சேர்த்துச் சொல்கிறேன். 1837-38 கிளர்ச்சியில் உடைமை இழந்தோருக்கு இழப்பீடு தரும் மசோதாவை அங்கிருந்த அமைச்சரவை கொண்டுவந்தது. மக்கள் பிரதிநிதிகள் நிறைவேற்றியதைத் தடுப்பது தம் வேலையன்று என்று கருதிய கவர்னர் ஜெனரல் எல்ஜின், 1849 ஏப்ரல் 25 அன்று அதற்கு ஒப்புதல் தந்தார். கிளர்ச்சிக்காரர்களுக்குப் பணமா என்று கொதித்த கூட்டம் அவருடைய வண்டி மீது முட்டைகளை வீசியது. அன்றிரவே மாண்ட்ரியல் நாடாளுமன்றத்தைக் கொளுத்தியது. நூலகத்தில் இருந்த 20,000-க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. சில நாள்களில் அவர் மீண்டும் நகருக்குள் வந்தபோது கல்மழை. வண்டிக்குள் வந்து விழுந்த இரண்டு பவுண்டு கல்லைக் கையில் பிடித்தபடியே இறங்கி உள்ளே போனார். படை அவர் சொல்லுக்குக் காத்திருந்தது. அவர் ஏவவில்லை. எவ்வளவு பழி வந்தாலும் சுமப்பேன், என் பெயரில் இரத்தக்கறை படிய விடமாட்டேன் என்றார்.

பெரிய மனம்தான். என் வழக்கே அந்த மனத்திலிருந்துதான் தொடங்குகிறது. நெருப்பில் புத்தகங்கள் போவது எப்படியிருக்கும் என்று அறிந்தவர் அவர். பிறகு இரண்டாம் அபினிப் போரில் பிரிட்டனின் தூதராகச் சீனாவுக்குப் போனார். 1857 டிசம்பரில், தென்சீனத்தின் கான்டன் நகரைத் தாக்கும் முன், என் வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று எழுதியவரும் அவரே. அறியாமல் செய்தார் என்று யாரும் இங்கே சொல்ல முடியாது.

அதே போரில், 1860 செப்டம்பரில், பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தரப்பிலிருந்து சமாதானக் கொடியோடு பேசப் போனவர்களைச் சீன அதிகாரிகள் பிடித்துக் கட்டி வதைத்தார்கள். இருபது பேர் அளவில் மாண்டார்கள். இந்தியக் குதிரை வீரர்களும் அதில் உண்டு. அது கொடுமை, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மக்களை விட்டுப் பேரரசரைத்தான் தண்டித்தார் என்று எதிரணி வாதிடுகிறது. பேரரசர் சியான்ஃபெங் அப்போது தலைநகர் பீக்கிங்கை, அதாவது இன்றைய பீஜிங்கை, விட்டு வடக்கே ஜெஹோலுக்கு ஓடிப்போயிருந்தார். எரிந்தது யாருடையது?

அக்டோபர் 18. ஏற்கெனவே பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் சூறையாடியிருந்த பேரரசரின் யுவான்மிங்யுவான் கோடை அரண்மனைக்குத் தீ வைக்க எல்ஜினின் உத்தரவுப்படி சுமார் 3,500 வீரர்கள் போனார்கள். மண்டபம் மண்டபமாக, இரண்டு நாள். ‘சிகு சுவான்ஷு’ என்னும் சீன நூல்களின் மாபெரும் தொகுப்பு, 36,000-க்கும் மேற்பட்ட ஏடுகள் கொண்டது. கையால் எழுதிய பிரதிகள் உலகில் ஏழே ஏழு. அதில் ஒன்று அந்த அரண்மனை நூலகத்தில் இருந்தது. போயிற்று. அந்த ஏடுகளை எழுதிய கைகள் எந்தக் கைதியையும் கட்டவில்லையே!

வேறு வழியில்லை என்பார்கள். இருந்தது, நடுவர் அவர்களே. கூடவே இருந்த பிரெஞ்சுத் தூதர் பாரன் குரோ இந்த எரிப்பில் சேர மறுத்தார். கொள்ளையில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் தீ என்றதும் அவர் விலகினார். அதே நாளில், அதே இடத்தில், அதே இழப்பைச் சந்தித்தவர். ஆறு நாள் கழித்து எல்ஜின் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார், ஹாங்காங்கை அடுத்த கௌலூனும் பிரிட்டன் கைக்கு வந்தது.

இடிந்த கல்தூண்கள் இன்றும் பீஜிங்கில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் முன்னே நின்று, மாண்ட்ரியலில் இவர் எவ்வளவு பொறுமைசாலி தெரியுமா என்று எதிரணி நண்பரால் சொல்ல முடியுமா? தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.