மைக்ரோ ஆர்.என்.ஏயைக் கூட்டினா மீன் தப்புமா?

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு மகள் கேட்டிருக்கா: "அப்பா வாவியில கூடு போட்டுக் கொடுவா வளர்க்கிறார். மைக்ரோ ஆர்.என்.ஏ மீனுக்கு வைரஸ் எதிர்ப்பைக் குடுக்குமாம். அப்ப அதைக் கூட்டிக் குடுத்தா மீன் தப்பும்தானே சேர்?"

இல்ல மகள். சிலதைக் கூட்டினா வைரஸ்தான் பெருகும். ஏனென்டு சொல்றன்.

மைக்ரோ ஆர்.என்.ஏ என்டுறது கலத்துக்குள்ள இருக்கிற ஆர்.என்.ஏயில, 22 நியூக்கிளியோரைட்டு (ஆர்.என்.ஏச் சங்கிலிக் கண்ணி) அளவில ஒரு சின்னத் துண்டு. 1993ல புழுவில கண்டுபிடிச்சாங்க, அதுக்கு அம்புரோஸ், ருவ்குன் என்ட ரெண்டு விஞ்ஞானிகளுக்கும் 2024ல நோபல் பரிசு கிடைச்சது. புரதம் செய்யச் சொல்லி வாற தூது ஆர்.என்.ஏயில இது போய் ஒட்டும். ஒட்டினா அந்தப் புரதம் குறையும். அவ்வளவுதான் இதின்ட வேலை. எந்தப் புரதம் குறையுது என்டதிலதான் விசயம் இருக்கு.

உன்னிச்சைக் குளத்து வான்கதவை நினைச்சுப் பாருங்க. மழைக்குத் திறக்கோணும், திறந்தபடி விட்டா கீழ வயலெல்லாம் போயிரும். மீன்ட கலத்துக்குள்ள வைரஸ் வந்தா, ரிக்-ஐ என்ட புரதம் அதின்ட ஆர்.என்.ஏயைப் பிடிச்சறியும். கலத்துக்குச் சக்தி குடுக்கிற இழைமணியில இருக்கிற மாவ்ஸ் என்ட புரதம் அந்தச் செய்தியைக் கடத்தும். உடனே இன்டர்பெரோன் என்ட எச்சரிக்கைப் புரதம் வெளியில வந்து பக்கத்துக் கலங்களை உசார்ப்படுத்தும். இதுதான் கதவு திறக்கிறது. அளவு மிஞ்சினா மீன்ட சொந்த இழையமே அழற்சியில கெட்டுப் போகும். அதால கதவை இறக்குறதுக்கும் கை வேணும். அந்தக் கைகளில ஒண்டுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ.

சீனக் கடல்ல மீயூ என்டு ஒரு மீன், நம்மட கத்தாளைக் குடும்பம். அதில ராப்டோ என்ட வகை வைரஸ் தொத்தினா மிர்-3570 என்ட மைக்ரோ ஆர்.என்.ஏ கூடுது. அது மாவ்ஸைக் குறைக்கும், இன்டர்பெரோன் குறையும், வைரஸ் பெருகும். மழை நிக்க முன்னமே கதவு இறங்கிருது, பாருங்க! எனக்கு இதுதான் பெரிய அதிசயம். கலவாயைத் தாக்குற சிங்கப்பூர் இரிடோ வைரஸ் இன்னும் கெட்டிக்காரன், தன்ட மைக்ரோ ஆர்.என்.ஏயைத் தானே கொண்டு வருது.

எல்லாம் இப்பிடி இல்ல. திரௌட் மீனில வைரஸ் வந்தா மிர்-462, மிர்-731 ரெண்டும் சேர்ந்து ஏறும், அதை நோய்க்கு அடையாளமாப் பார்க்கலாம்.

அப்பாக்கு ஒண்டு சொல்லுங்க. கொடுவாக் குஞ்சு மேல் தண்ணியில சுழண்டு சுழண்டு நீந்தினா, நொடா வைரஸாவும் இருக்கலாம். அது மூளையையும் விழித்திரையையும்தான் தாக்கும். அந்தக் கூட்டு வலையையோ வாளியையோ மற்றக் கூட்டுக்குக் கொண்டு போக வேணாம்.