வயிற்றில் மூன்று கிட்னி, இரண்டு கணையம்

மாத்திரைக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, அதற்குள் பேசிவிடலாம் என்று கேமராவை வைத்துவிட்டேன். பின்னால் குக்கர் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவுக்கு வந்ததில் பாதி ஒரே கேள்விதான். "ஒரு உறுப்பு மாற்றினாலே ஆபத்து, இரண்டு என்றால் இரட்டிப்பு ஆபத்து இல்லையா?" ஆபரேஷனுக்கு முன்னால் நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: 11 வயதில் எனக்கு டைப் 1 சர்க்கரை, அதாவது கணையம் இன்சுலின் சுரக்காமல் போகிற வகை. முப்பதைத் தாண்டியதும் கிட்னி போய் டயாலிசிஸ். அப்புறம் மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து கிட்னியும் கணையமும் சேர்ந்தே கிடைத்தன. பழையவற்றை எடுக்கவில்லை. அடிவயிற்றில் இடப்பக்கம் புதுக் கிட்னி, வலப்பக்கம் புதுக் கணையம். ஸ்கேன் எடுக்கிற தம்பி ஒவ்வொரு முறையும் ஒரு நொடி விழிப்பார்.

முதல் சில வாரம் கணையத்தை நினைத்துத்தான் பயம். அதன் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிட்டால் பெரும்பாலும் கணையத்தையே எடுக்க வேண்டிவரும். அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் இரண்டாக இருப்பதே லாபம். கணையம் வாய் திறக்காத பிள்ளை. உடம்பு அதை எதிர்க்க ஆரம்பித்து, சுகர் ஏறித் தெரியவரும்போது நிறைய சேதமாகியிருக்கும். கிட்னி அப்படியில்லை, அது வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவை ரத்தத்தில் ஏற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் ஒரே கொடையாளருடையவை, அதனால் ஒன்றை எதிர்க்கிற உடம்பு பல நேரம் மற்றதையும் எதிர்க்கும். கிட்னி அழுதால் கணையத்துக்கும் சேர்த்து வைத்தியம். கணையம் மட்டும் மாற்றியவர்களைவிட எங்களுக்கு அது அதிக நாள் உழைக்க இது ஒரு காரணம்.

எல்லா ஜோடியும் இப்படி அமைவதில்லை. கல்லீரலோடு வரும் கிட்னிக்குக் கல்லீரலே ஓரளவு கவசம். இதயமும் நுரையீரலும் சேர்ந்தால் நுரையீரல்தான் முதலில் தளரும். வெளிக்காற்றின் கிருமியெல்லாம் அதன் மேல்தானே படுகிறது!

1966இல் மினசோட்டாவில் முதன்முதலாகக் கிட்னி, கணையம் இரண்டும் பொருத்தப்பட்ட பெண் சில மாதங்களிலேயே இறந்துவிட்டார். இன்று அமெரிக்கக் கணக்கில் முதல் வருடத்தைத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு 95 பேருக்கு மேல். கத்தி பிடித்த கை தேறியது பாதி; புது உறுப்பை உடம்பு எதிர்க்காமல் அடக்கிவைக்க சைக்ளோஸ்போரின், பிறகு டாக்ரோலிமஸ் என்று மாத்திரை வந்தது மீதி.

அலாரம் அடிக்கிறது, ஒரு நிமிடம்... ம். போட்டாச்சு. காலை எட்டு, இரவு எட்டு.

இதில் ஒரு கூத்து. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பார்க்கிற நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. ஒரு தடவை பழக்கதோஷத்தில் முதலிலேயே விழுங்கிவிட்டுப் போய்விட்டேன். அளவு கன்னாபின்னாவென்று வந்தது. டோஸைக் குறைக்கப் போனார்கள், "சார், நான் மாத்திரை போட்டுட்டேன்" என்று உளறித் தப்பித்தேன். இப்போது அந்த நாளுக்கு முந்தின இரவே டப்பாவின் மேல் ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். இதோ, சிவப்பு.

கடைசியாக, பழம் சாப்பிடலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். கழுவித் தோல் சீவிச் சாப்பிடுகிறேன் அக்கா. பம்ப்ளிமாஸ் மட்டும் ஆகாது, அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். தோட்டத்தில் காய்த்ததென்று அத்தை ஆசையாகக் கொண்டுவந்தது அடுப்பு மேடையில் உட்கார்ந்திருக்கிறது. கீழ்வீட்டுப் பையனை வரச் சொல்லியிருக்கிறேன்.