மாவட்டத்தில் முதலிடம், மாநிலத்தில் கடைசி

அடுத்த கேள்வி ஒரு அம்மாவிடமிருந்து. "மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். மாவட்டத்தில் எப்போதும் முதலிடம். மாநிலப் போட்டியில் ஹீட்ஸில், அதாவது முதல் தகுதிச் சுற்றில், கடைசியாக வந்தாள். இப்போது கிரவுண்டுக்கே போக மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?"

சரிங்க அம்மா, அவள் டைமிங் என்ன? எத்தனையாவது வந்தாள் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். மாவட்டத்தில் 66 விநாடியில் ஜெயித்தவள் மாநிலத்தில் 65-இல் ஓடிக் கடைசியாக வந்திருந்தால், அவள் முன்னேறியிருக்கிறாள். அதை யாராவது அவளிடம் சொன்னீர்களா?

அப்புறம் இந்த 'கால் ரூம்' (call room), ஓடும் முன் வீராங்கனைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் அறை. ஊரில் பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்று ஓடிவிடலாம். பெரிய போட்டிகளில் வார்ம்-அப் முடிந்ததும் தனியாக உட்கார வைத்து நம்பரைச் சரிபார்ப்பார்கள், ஆணி வைத்த ஷூவான ஸ்பைக்ஸைத் திருப்பிப் பார்ப்பார்கள். கோச் உள்ளே வர முடியாது. எதிரே இருப்பவளின் டிராக் சூட்டைப் பார்த்தே சில பிள்ளைகள் அங்கேயே தோற்றுவிடும். அந்தப் பதற்றத்தில் முதல் 200-ஐ விரட்டி ஓடுவார்கள், கடைசி 100-இல் கால் கட்டிவிடும். பயம் காலில் தெரிவது இப்படித்தான்.

அதனால் இதையும் பயிற்சியில் சேர்க்கச் சொல்லுங்கள். வார்ம்-அப் முடித்து 20 நிமிடம் யாரோடும் பேசாமல் உட்காரட்டும், பிறகு ஓடட்டும். தன்னைவிட வேகமான அக்காக்களோடு வாரம் ஒருமுறை ஓட விடுங்கள். பின்னால் வருவது அவளுக்குப் பழக வேண்டும்.

நம்ம சின்னப்பம்பட்டி கிரிக்கெட் பௌலர் நடராஜனைப் பாருங்கள். 2017 ஐபிஎல்லில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது, அந்த சீசனில் கிடைத்தது 2 விக்கெட். அடுத்து ஹைதராபாத் அணிக்குப் போய் 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. ஆனால் பெரிய வீரர்களோடு தினமும் வலைப்பயிற்சி, தமிழிலேயே பேச பௌலிங் கோச் முரளிதரன். 2020-இல் 16 விக்கெட், அந்த டிசம்பரிலேயே இந்திய அணியில் அறிமுகம். உட்கார்ந்திருந்த அந்த இரண்டு வருஷத்தை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த வாரம் அவளிடம் போட்டியைப் பற்றியே பேசாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். அடுத்த போட்டிக்கு முதல் 200-ஐ எத்தனை விநாடியில் ஓட வேண்டும் என்று கோச்சிடம் கேட்டு, அந்த ஒரு எண்ணை மட்டும் கொடுத்து அனுப்புங்கள். சரி, அடுத்த கேள்வி.