கேபிளின் சூடு எந்த வழியாக வெளியே போகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய கட்டடத்துக்கு மெயின் கேபிள் இழுக்கும் வேலை தொடங்கும்போது என்னிடம் முதலில் வரும் கேள்வி இதுதான்: "சார், 800 ஆம்பியர் லோடு. எத்தனை ஸ்கொயர் கேபிள் போடலாம்?" நான் உடனே பதில் சொல்வதில்லை. கேபிள் எந்த வழியாகப் போகிறது, கூடவே எத்தனை கேபிள்கள் படுத்திருக்கின்றன, அங்கே எவ்வளவு வெக்கை என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்குச் சில நேரம் சலிப்பாக இருக்கும். ஆனால் இந்த மூன்றும் தெரியாமல் அளவு சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், கையில் பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 240 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை, 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், கிலோமீட்டருக்கு 0.0754 ஓம். காதில் விழும்போது ஒன்றுமே இல்லாத எண். அதில் 400 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு மீட்டரிலும் 12 வாட் வெப்பம் பிறக்கிறது. கம்பி 70 பாகைக்கு ஏறியதும் தடையும் ஏறத்தாழ 20 சதவீதம் கூடி, மீட்டருக்கு 14 வாட்டைத் தாண்டிவிடும். மூன்று ஃபேஸும் சேர்ந்தால் 43 வாட். நூறு மீட்டர் குழாய்க்குள் 4,300 வாட்! நான்கு ஹீட்டர்களை ஒரு குழாய்க்குள் போட்டு வாயை அடைத்ததுபோல. அந்தச் சூடு இன்சுலேஷனைத் தாண்டி, உள்ளே இருக்கும் காற்றைத் தாண்டி, குழாயின் சுவரைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அதனால்தான், கேபிளின் அளவைப் பேசும்போதே கன்டியூட்டையும், அதாவது கேபிள் போகும் குழாயையும், சேர்த்துப் பேச வேண்டும் என்று விடாமல் சொல்லிவருகிறேன்.

கேபிள் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் அட்டவணையில் 400 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் சில நிபந்தனைகள் உண்டு. சுற்றுப்புறக் காற்று 30 பாகை, குழாயில் ஒரே ஒரு சர்க்யூட் என்று வைத்துத்தான் அதைப் போட்டிருப்பார்கள். நீங்கள் கேபிள் இழுக்கும் இடம் 50 பாகை கொதிக்கும் கூரையடி என்றால், பி.வி.சி. இன்சுலேஷனுக்கு 0.71 ஆல் பெருக்க வேண்டும். அதே குழாயில் இன்னொரு சர்க்யூட்டும் இருந்தால் மறுபடி 0.80. இரண்டையும் பெருக்கினால் 400 ஆம்பியர் 227 ஆம்பியராகச் சுருங்கிவிடுகிறது. கேபிள் அதேதான், படுத்திருக்கும் இடம்தான் வேறு.

800 ஆம்பியரை ஒரே கம்பியில் கொண்டுபோக நினைப்பது வீண் சிரமம். தடித்த கம்பியை வளைக்கவும் முடியாது, அதன் சூடும் எளிதில் இறங்காது. அதே செம்பை இரண்டு கம்பிகளாகப் பிரித்தால் வெளிப்பரப்பு 1.4 மடங்கு கிடைக்கிறது. ஆகவே ஃபேஸுக்கு இரண்டு ரன், மூன்று ரன் என்று, அதாவது ஒரே ஃபேஸுக்கு இரண்டு மூன்று கேபிள்களை, இணையாகப் போடுகிறோம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

ஒருமுறை நான் பார்க்கப் போன இடத்தில், பேனலை இடம் மாற்றியதால் ஒரு ரன் 20 மீட்டரிலும் மற்றது சுற்றிவந்து 30 மீட்டரிலும் முடிந்திருந்தது. ஒரே கேபிள், ஒரே அளவு. லோடு ஏறியதும் நீளமான ரன் 320 ஆம்பியரையும் குட்டையான ரன் 480 ஆம்பியரையும் எடுத்துக்கொண்டன. மின்சாரம் தடை குறைந்த வழியைத்தானே அதிகம் எடுக்கும். பிரேக்கருக்கோ மொத்தம் 800 என்று மட்டும்தான் தெரியும், அது ட்ரிப் ஆகவே இல்லை. குட்டை ரன்னின் லக் (கேபிள் நுனியில் பொருத்தும் உலோக முனை) அருகே இன்சுலேஷன் பழுப்பேறி விறைத்துப்போயிருந்தது. கையில் தொட்டதும் பொருக்காக உதிர்ந்தது. அதைப் பார்த்த அன்று எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. நீளம், அளவு, உலோகம், லக், அதை நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் அத்தனையும் எல்லா ரன்னிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மிச்சமாகும் பத்து மீட்டர் கேபிளை வெட்டாமல் வளைத்து வைத்தாவது நீளத்தைச் சமப்படுத்துங்கள்.

இரும்புக் குழாய் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் மூன்று ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே போக வேண்டும். ஆர் ஃபேஸ் ஒரு குழாயில், ஒய் ஃபேஸ் இன்னொன்றில் என்று பிரித்தால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழிக்காது, இரும்பே சூடேறும். கணினிகளும் எல்.இ.டி. விளக்குகளும் நிறைந்த கட்டடத்தில் நியூட்ரலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாம் ஹார்மோனிக், அதாவது மின்சாரத்தின் அடிப்படை அலைவெண்ணைப் போல மூன்று மடங்கில் வரும் அலை, மூன்று ஃபேஸிலிருந்தும் நியூட்ரலில் வந்து கூடும். அங்கே பாதி அளவு நியூட்ரல் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இனி குழாயின் அளவு. மூன்றும் அதற்கு மேலும் கேபிள்கள் போனால் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது அமெரிக்க மின் விதித்தொகுப்பின் வரம்பு, நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன். 24 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள நான்கு கேபிள்களும் 17 மில்லிமீட்டர் எர்த் ஒன்றும் சேர்ந்தால், உள்விட்டம் 80 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல் தேவைப்படும். பெயருக்கு 80 என்று விற்கும் பைப் போதாது, அடுத்த அளவுக்குப் போக வேண்டும். வெளிவிட்டத்தைக் கேபிள் தயாரித்தவரின் தாளைப் பார்த்து எடுங்கள், நினைவிலிருந்து எடுக்காதீர்கள்.

மீதி 60 சதவீதம் ஏன் காலி என்று கேட்பவர்கள், ஒருநாள் கேபிள் இழுக்க வந்து நின்றால் போதும். உராய்வுக் கெழு 0.5 என்றால் ஒரே ஒரு 90 பாகை வளைவு இழுவிசையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்குகிறது. வளைவுகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டே போகும், நான்கு வளைவில் 23 மடங்கு! அந்த இழுப்பில் இன்சுலேஷன் உரிந்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. நான்கு வளைவு வருவதற்குள் நடுவில் ஒரு புல் பாக்ஸ் (கேபிளை இடையில் எடுத்து இழுக்க உதவும் பெட்டி) வைத்துவிடுங்கள். மூன்று கேபிள் இழுக்கும்போது குழாயின் உள்விட்டம் கேபிள் விட்டத்தைப் போல 2.8 முதல் 3.2 மடங்குக்குள் அமைந்தால், வளைவில் மூன்றும் வரிசைகட்டி இறுகிக்கொள்ளும். அப்படி மாட்டியதை வெளியே எடுக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்கிணைத்த பாலிஎத்திலீன்) இன்சுலேஷன் கொண்ட கேபிள் 90 பாகை தாங்கும் என்று அளவைக் குறைப்பவர்கள், அது போய் உட்காரும் பிரேக்கரின் முனை எத்தனை பாகைக்கு என்று பார்ப்பதில்லை. முனை 75 பாகைக்கு என்றால் கேபிளையும் அந்தக் கணக்கிலேயே எடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து முழு லோடு வந்த முதல் நாள், கம்பியைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபேஸின் ஒவ்வொரு ரன்னையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒரே ஃபேஸின் இரண்டு ரன்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் தெரிந்தால், லோடை இறக்கி, மெயினை ஆஃப் செய்து, லக்குகளையும் நீளத்தையும் அன்றைக்கே பாருங்கள். நன்றி, வணக்கம்.