பாண்டியில வாடகை வீடு: மே மாசம் தேடுறப்ப டிசம்பரையும் பாத்துடுங்க

வணக்கம்ங்க. டிரான்ஸ்ஃபர்ல பாண்டிக்கு வர்றவங்க, ஜிப்மர் ஆஸ்பத்திரியிலயோ சேதராப்பட்டு கம்பெனியிலயோ வேலை கிடைச்சு வர்றவங்க, புள்ள படிப்புக்காகக் குடும்பத்தோட வர்றவங்க, எல்லாருமே கேக்குறது "எந்த ஏரியா நல்லாருக்கும்?"னுதான். ஒரு ஏரியா பேரைச் சொல்லி அங்க போங்கன்னு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம். ஆனா அது உங்களுக்கு உதவாதுங்க, ஏன்னா ஒரே நகர்ல முதல் கிராஸ்ல பைக் முழுகும், நாலாவது கிராஸ்ல கால் கூட நனையாது. அதனால தெரு வரைக்கும் இறங்கி எப்படிப் பாக்குறதுன்னு சொல்றேன்.

நம்ம பக்கம் வீடு மாறுறது பெரும்பாலும் மே, ஜூன்லதான். ஸ்கூல் லீவு, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் எல்லாம் அப்பதான் வரும். அந்த வெயில்ல எந்தத் தெருவைப் பாத்தாலும் காய்ஞ்சு சுத்தமா அழகா இருக்கும், டூ லெட் போர்டு தொங்கும், மாடியில நின்னா கடல் காத்து வரும், உடனே அட்வான்ஸ் கொடுத்துடலாம்னு தோணும். ஆனா இந்த ஊருக்கு மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். அதனால மே மாசம் வீடு தேடுறவங்களுக்கு மெயின் வேலையே அந்தத் தெரு டிசம்பர்ல எப்படி இருக்கும்னு கண்டுபிடிக்கிறதுதான். வாடகை, பெட்ரூம், டைல்ஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்.

[திரையில்: 2024 மழை வெள்ளக் காட்சி]

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்துட்டுப் போகவும் இல்ல, பல மணி நேரம் அங்கேயே நின்னு ஊத்துச்சு. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி, கிருஷ்ணா நகர்ல ராணுவம் வந்து ஜனங்களை வெளிய கொண்டாந்தாங்க. இந்த ரெண்டும் ஒதுக்குப்புறமான இடம்லாம் கிடையாது, ஊருக்கு நடுவுல, கடை கண்ணி ஆஸ்பத்திரி எல்லாம் பக்கத்துலயே இருக்குற, நல்ல வாடகை போற ஏரியா. அதனாலதான் சொல்றேன், ஏரியாவோட பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க.

ஏன் அங்க தண்ணி தேங்குதுன்னா, பாண்டி மேப்ல பாக்க சமமாத் தெரியும், ஆனா கிடையாது. வடமேற்குல கோரிமேடு, ஜிப்மர், லாஸ்பேட்டை ஏர்போர்ட் இருக்குற பக்கம் செம்மண் மேடு. ஏர்போர்ட் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம். அங்க பெய்யுற மழை கிழக்கால கடலுக்குத்தான் ஓடியாகணும், வழியில இருக்குற பள்ளத்துல வாய்க்கால் அடைச்சிருந்தா அங்கேயே நின்னுடும். இந்திரா காந்தி சிலை சதுக்கத்துல சாதாரண மழைக்கே வண்டி தள்ளிக்கிட்டுப் போறதைப் பாண்டிக்காரங்க எல்லாருமே பாத்திருப்பாங்க. அப்ப மேட்டுல வீடு எடுத்துட்டா பிரச்சனை இல்லையான்னா, பெரும்பாலும் இல்ல, ஆனா மேட்டுலயும் பள்ளமான தெரு உண்டு, அதனால ஏரியாவை முடிவு பண்ணினாலும் தெருவை நடந்து பாத்துடுங்க.

நடக்குறப்ப என்ன பாக்கணும்? முதல்ல ரோடு உயரமா வீட்டுத் தரை உயரமான்னு பாருங்க. ரோட்டை ஒவ்வொரு தடவையும் பழசு மேலயே போட்டுப் போட்டு உசத்திடுறாங்க, பழைய வீடெல்லாம் கீழ போயிடுது. கேட்டைத் தொறந்து உள்ள இறங்குற மாதிரி இருந்தா, வீடு எவ்ளோ அழகா இருந்தாலும் கீழ் போர்ஷன் வேணாம், மாடின்னா யோசிக்கலாம். அடுத்தது காம்பவுண்டு சுவர். புதுசா பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, ஆனா பக்கத்து வீட்டுச் சுவர்ல ஒரே உயரத்துல கறை கோடு போட்ட மாதிரி இருக்கும், அதான் தண்ணி நின்ன அளவு. கரண்ட் மீட்டர் பெட்டியைத் தலை உயரத்துக்கு மாத்தி வச்சிருக்காங்களா, மோட்டாருக்கு மேடை கட்டியிருக்காங்களா, வாசல்ல ரெண்டு வரி செங்கல் வச்சுப் பூசி தடுப்பு போட்டிருக்காங்களா, இதெல்லாம் அந்த வீட்டுக்காரங்க பட்ட பாடு. ஒரு வீட்டுல இருந்தா விட்டுடலாம், தெரு முழுக்க இருந்தா அடுத்த தெருவுக்குப் போங்க.

அப்புறம் ஆளுங்ககிட்ட கேளுங்க. புரோக்கர்கிட்ட கேக்காதீங்க, அவருக்கு வீடு போனாப் போதும். தெருமுனையில அயன் பண்றவரு, பெட்டிக்கடை அக்கா, பைக் மெக்கானிக், பால் போடுறவரு, இவங்கள்ல ரெண்டு பேரைப் பிடிச்சாப் போதும். கேக்குற விதம் முக்கியம். "அண்ணே, இங்க தண்ணி நிக்குமா?"ன்னு கேட்டா "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொல்லிடுவாங்க, நம்ம தெருவை நாமளே கொறைச்சுப் பேசுவோமா. "அண்ணே, ஃபெஞ்சல் அப்போ இங்க எவ்ளோ தூரம் ஏறிச்சு?"ன்னு கேளுங்க. "முட்டி வரைக்கும் வந்துச்சு, மறுநாள் சாயங்காலம்தான் வடிஞ்சுது"ன்னு கணக்கா சொல்லுவாங்க. எவ்ளோ வந்துச்சுங்கிறதை விட எவ்ளோ நேரத்துல வடிஞ்சுதுங்கிறதைத்தான் நான் பெருசா எடுத்துக்குவேன். நாலு மணி நேரத்துல வடியுற தெருவுல வாழ்ந்துடலாம், ரெண்டு நாள் நிக்குற தெருவுல டிரெய்னேஜ் தண்ணியும் சேந்து உள்ள வரும், கைக்குழந்தையோ வயசானவங்களோ இருக்குற வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. வெளியூர்ல இருந்து தேடுறவங்க யூடியூப்ல ஏரியா பேரும் ஃபெஞ்சலும் சேத்துத் தேடிப் பாருங்க, 2024 டிசம்பர் 1 தேதியில ஜனங்க எடுத்துப் போட்ட வீடியோ நிறைய இருக்கு, தெருப் பலகையே தெரியும்.

[திரையில்: பாரதி பூங்கா, ஆயி மண்டபம்]

வெள்ளத் தண்ணி ஒரு பக்கம்னா குடிக்கிற தண்ணி இன்னொரு பக்கம். பாரதி பூங்கா நடுவுல நிக்குற வெள்ளை மண்டபத்தைப் பாத்திருப்பீங்க, புதுச்சேரி அரசு சின்னத்துலயே இருக்கு. அது ஆயி மண்டபம். முத்திரையர்பாளையத்துல இருந்து ஊருக்குள்ள தண்ணி கொண்டாந்ததோட ஞாபகமா பிரெஞ்சுக்காரங்க காலத்துல கட்டினது. கடலோரத்துல நல்ல தண்ணிக்கு அந்தக் காலத்துலயே கஷ்டம், மேற்கால இருந்துதான் வந்திருக்கு. இன்னைக்கும் கடலை ஒட்டின இடங்கள்ல நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புத் தண்ணி உள்ள ஏறிக்கிட்டே இருக்கு, அதனால பூல்வார்டு, முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம் பக்கம் பாக்குறவங்க போர் தண்ணியை வாயில விட்டே பாத்துடுங்க.

குழாய் வாயைப் பாருங்க, வெள்ளையாப் படிஞ்சு பொரிஞ்சிருந்தா தண்ணி கடினமான தண்ணி. சோப்பைத் தேச்சுப் பாருங்க, நுரையே வரலன்னா முடி, துணி, வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாத்துக்கும் சேதாரம். அந்த வீட்டுல இருக்குற அம்மாகிட்ட "பருப்பு வேகுதாம்மா"ன்னு ஒரு வார்த்தை கேட்டாலே மொத்தத்தையும் சொல்லிடுவாங்க. பொதுப்பணித்துறை தண்ணி எத்தனை மணிக்கு வருது, எவ்ளோ நேரம் வருது, சம்ப்புல விழுந்து தானா டேங்குக்கு ஏறுதா இல்ல போர் தண்ணியோட கலக்குதா, நாலு குடித்தனத்துக்கு ஒரே டேங்க்னா மோட்டார் போடுறது யாரு, இதெல்லாம் ஓனர்கிட்ட கூச்சப்படாம கேக்கணும். கேன் தண்ணி வாங்கிக்கலாம்தான், மாடிக்குத் தூக்கிட்டு வர்றது யாருங்கிறதையும் யோசிச்சுக்கோங்க.

கொசுவைப் பத்தி ஒரே வரி: சாயங்காலம் 6 மணிக்கு மேல ஒரு தடவை போயி வீட்டு வாசல்ல பத்து நிமிஷம் நில்லுங்க, திறந்த வாய்க்கால் எங்க இருக்குன்னு கொசுவே காட்டிடும்.

[திரையில்: மேப், நாலு பக்கமும் போற மெயின் ரோடு]

இப்ப ஏரியாவுக்கு வருவோம். பாண்டி சின்ன ஊர்தானே, எங்க இருந்தாலும் பத்து நிமிஷம்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க. ஊருக்குள்ள வர்ற ரோடு நாலஞ்சுதான், உங்க வேலை எந்த ரோட்டுல இருக்கோ அந்தப் பக்கத்துலயே வீடு பாருங்க, ஊரைக் குறுக்கால தாண்டுற மாதிரி வச்சுக்காதீங்க. ஜிப்மர்னா கோரிமேடு, தட்டாஞ்சாவடி, லாஸ்பேட்டை. கதிர்காமம் மெடிக்கல் காலேஜ், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைன்னா அதே சுத்துவட்டாரத்தோட முத்திரையர்பாளையமும் சரிவரும். விழுப்புரம் ரோட்டுப் பக்கம்னா ரெட்டியார்பாளையம், மூலக்குளம். அந்த ரோட்டுலயே இன்னும் தள்ளி வில்லியனூர் போனா வாடகை கொறையும், ஆனா அங்க சங்கராபரணி ஆறு இருக்கு, ஆத்தோரமா புதுசா போட்ட நகர்கள்ல மேல சொன்ன விசாரணையை ரெண்டு மடங்கா பண்ணுங்க.

கடலூர் ரோட்டுப் பக்கம் முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம்னு வரிசையாப் போகும். நல்ல குடியிருப்புதான், வாடகையும் கட்டுப்படியாகும், ஆனா ஏஎஃப்டி மில் கிட்ட ரயில்வே கேட் போட்டாங்கன்னா ரெண்டு பக்கமும் வண்டி வால் மாதிரி நீளும், ஸ்கூல் நேரத்துல ரொம்பவே சிரமம். அதனால கேட்டுக்குத் தெக்கால வீடு, வடக்கால ஸ்கூல்னு வச்சுக்காதீங்க. கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் மெடிக்கல் காலேஜ்ல வேலைன்னா இந்த ரோடுதான் சரி, அவங்க கடலூரையே கூட பாக்கலாம், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர் எல்லாம் பஸ் வசதியான இடம். ஆனா அங்கயும் ஆறு உண்டு. ஃபெஞ்சலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையில இருந்து தென்பெண்ணையில விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல திறந்து விட்டாங்க, கடலூர்ல மழை நின்ன பிறகு ஆத்தோர நகர்களுக்குள்ள வெள்ளம் வந்துச்சு. பெண்ணையாத்துப் பக்கமோ கெடிலத்துப் பக்கமோ வீடு பாத்தா இதைக் கேக்காம விடாதீங்க.

யுனிவர்சிட்டி, பிம்ஸ் மெடிக்கல் காலேஜ்னா காலாப்பட்டு. ஊர்ல இருந்து ஈசிஆர்ல போகணும். இதுல ஒரு விஷயம் வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது, முத்தியால்பேட்டை தாண்டி கோட்டக்குப்பம் போனாலே அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், காலாப்பட்டுல திரும்பவும் புதுச்சேரி. ஜிப்மரைத் தாண்டினா பட்டானூரும் அப்படித்தான். தெரு தாண்டினா மாநிலம் மாறுது. இதனால என்னன்னா, கரண்ட் பில் அந்தப் பக்கம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, முதல் 100 யூனிட் இலவசம், இந்தப் பக்கம் மாசாமாசம். புதுச்சேரி அரசுப் பள்ளி எல்லாம் 2024-25 கல்வியாண்டோட முழுசா சிபிஎஸ்இக்கு மாறிடுச்சு, அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற புள்ள இருந்தா இதை முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் வீடு பாக்கணும். ரேஷன் கார்டு, இருப்பிடச் சான்று எல்லாம் விலாசம் எந்தப் பக்கம்ங்கிறதை வச்சுத்தான். வாடகை கோட்டக்குப்பம் பக்கம் கம்மியா இருக்குன்னு போறவங்க இந்தக் கணக்கையும் போட்டுப் பாத்துடுங்க.

கடலை ஒட்டின பழைய பிரெஞ்சுக்காரங்க தெருக்கள், அதான் ஒயிட் டவுன், அங்க இருக்கணும்னு ஆசை நிறைய பேருக்கு இருக்கு. போட்டோவுல பாக்க அருமை. குடும்பத்தோட தினமும் வாழணும்னா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும் வெளியூர் கார் வந்து அடைச்சுக்கும், உங்க வாசல்ல உங்க வண்டியை நிறுத்த இடம் இருக்காது. பக்கத்துல எம்ஜி ரோட்டுலயும் ஞாயித்துக்கிழமை சண்டே மார்க்கெட், கால் வைக்க முடியாது. அதனால எந்த ஏரியாவுலயும் ஒரு தடவை சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு மேல போயிப் பாருங்க. இந்த ஊர்ல சாராயக்கடை, பார் நிறைய, தெருமுனையில ஒண்ணு இருந்தா வேலை முடிஞ்சு தனியா நடந்து வர்ற பொண்ணுங்களுக்கு அது பெரிய தொந்தரவு. பகல்ல ஷட்டர் போட்டிருக்கும், கவனிக்கவே மாட்டோம்.

வீடு பிடிச்சிடுச்சு, பேசி முடிக்கப் போறீங்க. லீஸுக்குன்னு மொத்தமாப் பணம் கொடுத்துப் போறவங்க வில்லங்கச் சான்று போட்டுப் பாக்காம ஒத்த ரூபா கொடுக்காதீங்க, வீடு பேங்க்ல அடமானத்துல இருந்தா உங்க பணம் மாட்டிக்கும். வாடகைன்னா அட்வான்ஸ் எவ்ளோ, போறப்ப பெயிண்டுக்குன்னு எவ்ளோ பிடிப்பாங்க, தண்ணிக்குத் தனிக் காசா, சப்-மீட்டர்னா யூனிட் எவ்ளோ, எல்லாமே அக்ரிமென்ட்ல எழுத்துல வரணும். தமிழ்நாட்டுப் பக்கம் 2017 வாடகைச் சட்டத்துல அட்வான்ஸுக்கு மூணு மாச வாடகைன்னு ஒரு அளவு சொல்லியிருக்கு, அங்க வீடு பாக்குறவங்க பேரம் பேச அது ஒரு பிடிமானம். புதுச்சேரிக்குள்ள அந்தச் சட்டம் வராது, அதனால ஓனர்கிட்ட நிதானமா உக்காந்து பேசி எழுதிக்கோங்க.

சாவி வாங்குற அன்னைக்கு கரண்ட் மீட்டர் ரீடிங், சுவர்ல ஏற்கெனவே இருக்குற விரிசல், ஓதம், குழாய் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அன்னைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, "ஐயா, இன்னைக்கு இப்படி இருக்கு"ன்னு ஒரு வரி போட்டு. உங்க ஏரியாவுல ஃபெஞ்சல் தண்ணி எவ்ளோ ஏறிச்சு, எப்ப வடிஞ்சுதுன்னு பாண்டி, கடலூர்க்காரங்க கீழ தெருப் பேரோட எழுதுங்க, புதுசா வர்ற குடும்பத்துக்கு அது ரொம்ப உபயோகமா இருக்கும்.