துருவ அரசியலும் சென்னைத் துறைமுகமும்

எல்லோருக்கும் வணக்கம்.

நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள் இருக்கின்றன. நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கேதான் இயங்குகிறது. அதே தீவுகளில் லாங்யர்பியன் என்ற சிற்றூருக்கு மேலே, ஒரு மலைமேட்டில் ஏராளமான ஆன்டெனாக்கள் நிற்கின்றன. வானிலைச் செயற்கைக்கோள்களில் பல துருவங்களின் மேலாகச் சுற்றுபவை. சென்னையில் ஆன்டெனா வைத்தால் ஒரு நாளில் சில சுற்றுகள்தான் நம் கண்ணில் படும். அங்கே வைத்தால் ஒரு சுற்றும் தப்பாது. பல நாடுகள் அந்தக் குளிரில் போய்க் குவிந்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, அங்கே இறங்கும் தரவு வெளியே வர என்ன வழி? கடலடியில் இரண்டே கேபிள்கள். 2022 ஜனவரியில் அவற்றில் ஒன்று பழுதானது, மற்றொன்று தாங்கிக்கொண்டது. மனிதர் கைவேலையாக இருக்கலாம் என்று நார்வே போலீஸ் சந்தேகப்பட்டது. ஆனால் யார் மேலும் வழக்குப் போடும் அளவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. துருவப் பாதுகாப்பில் என்னை உறுத்துவது இந்த ரகச் சம்பவம்தான். குண்டு விழுந்தால் யார் போட்டது என்றாவது தெரியும்.

இதை எங்கே போய்ப் பேசுவது? வடதுருவப் பகுதியின் எட்டு நாடுகள் சேர்ந்த ஆர்க்டிக் கவுன்சில் இருக்கிறதே என்பீர்கள். 1996இல் அதைத் தொடங்கிய ஒட்டாவா பிரகடனத்தின் ஓர் அடிக்குறிப்பு, ராணுவப் பாதுகாப்பு விஷயங்களை அது கையாளக் கூடாது என்கிறது. அடிக்குறிப்பில்! 2022இல் உக்ரைன் போர் வந்ததும், ரஷ்யா தவிர்த்த ஏழு நாடுகளும் அதன் பணிகளிலிருந்து ஒதுங்கி நின்றன. பின்லாந்தும் ஸ்வீடனும் நேட்டோவில் சேர்ந்த பிறகு, அந்த ஏழும் இன்று ஒரே ராணுவக் கூட்டணியில் இருக்கின்றன.

தெற்கே நிலைமை எவ்வளவோ மேல். 1959ஆம் ஆண்டு அன்டார்க்டிக் ஒப்பந்தப்படி அங்கே ராணுவத் தளம் கிடையாது. ஒப்பந்தக் கூட்டங்களில் முடிவெடுக்கும் உரிமை பெற்ற எந்த நாடும் அடுத்தவர் நிலையத்துக்குள் போய்ச் சோதனை போடலாம். அங்கே இருக்கும் நம் பாரதி ஆய்வு நிலையத்துக்குள்ளும் வரலாம். வடக்கே கரையெல்லாம் ஏதோ ஒரு நாட்டுக்குச் சொந்தம். அங்கே இது நடக்காது.

இனி நம்மூர்க் கதைக்கு வருவோம். சென்னையிலிருந்து ரஷ்யாவின் கிழக்குக் கரைத் துறைமுகமான விளாடிவோஸ்டோக்குக்குக் கடல்வழி வந்ததிலிருந்து, அப்படியே ரஷ்யாவின் வடகரையை ஒட்டிப் போகும் ஆர்க்டிக் பாதையான வடகடல் வழியில் ஐரோப்பாவுக்குப் போகலாம் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். இங்கிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்குச் சூயஸ் கால்வாய் வழிதான் கிட்ட. வடகடல் சுருக்குவழி ஜப்பானுக்கும் வடசீனாவுக்கும்தான். நமக்கு லாபம் ரஷ்ய நிலக்கரியும் எண்ணெயும் வந்து சேர்வதில். அதுவும் ரஷ்யாவின் அனுமதி, ரஷ்யாவின் பனியுடைப்புக் கப்பல்களை நம்பித்தான்.

நாம் கேட்டு வாங்க வேண்டியது வேறு. துருவக் கடலுக்கான சர்வதேச விதிகள் 2017 முதல் அமலில் இருக்கின்றன. பனிக்கடலில் பொறுப்பு வகிக்கும் கப்பல் அதிகாரிகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். உத்தண்டியிலேயே கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதலில் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி, பனியில் கப்பல் ஓட்டிய நேரடி அனுபவத்தோடு, கிடைக்கட்டும். சரக்குக் கணக்கை அப்புறம் பேசலாம்.