ஆடிய கால் சும்மா இராது

அவைத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மையார்களே, நூலகர் அவர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் மாணவிகளே, வணக்கம். தருமபுரியில் மூன்று தலைமுறைக்குத் தமிழ் சொல்லித்தந்த தலைவர் ஐயா முன்னால் பேசக் கிடைத்தது என் பேறு. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்த விழாக் குழுவுக்கும் நன்றி.

பெண்கள் கால்பந்து ஆடுவதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். முதலாவது, யமிலே சயீத் மெந்தேஸ் எழுதி 2020-இல் வெளிவந்த 'ஃபூரியா' என்ற இளையோர் நாவல். அர்ஜென்டினாவில், மெஸ்ஸி பிறந்த ரொசாரியோ நகரில் நடக்கும் கதை. கதாநாயகி கமிலாவின் அண்ணன் பந்தாடினால் அப்பாவுக்குப் பெருமை. கமிலாவோ வீட்டுக்குத் தெரியாமல் ஆட வேண்டும். பொய் சொல்லித்தான் மைதானத்துக்குப் போக வேண்டும். ஆனாலும் ஆடுகிறாள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மாவா?

இரண்டாவது, வரலாறு. லிவர்பூலில் 1920-இல் பெண்கள் ஆடிய ஒரு பந்தாட்டத்தை 53,000 பேர் பார்த்தார்கள். மறு ஆண்டே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அரை நூற்றாண்டு திறக்கவில்லை. அதை விரித்தால் பொழுது போதாது.

நம் ஊருக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கம் ஒரு பெண், பத்தாம் வகுப்பு. பூட்ஸைக் கேழ்வரகு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். ஒருநாள் கோப்பையோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா கோப்பையைப் பார்க்கவில்லை. "அரை டவுசர் போட்டுக்கிட்டா ஊர் முன்னால ஓடின?" என்று கையை ஓங்கினார். திண்ணையில் இருந்த பாட்டி எழுந்தார். "சீலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு மாட்டுப் பொறத்தால நான் ஓடாத கரடாடா? அப்ப எவன்டா என் காலப் பாத்தான்? நான் ஓடுனதுலதான்டா நீ பால் குடிச்ச!" ஓங்கிய கை இறங்கியது. (கைதட்டல்.) அந்தத் தாய்க்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை நடந்த மண் இது.

அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: விளக்கு வைக்கும் முன் வீடு வர வேண்டும். பயிற்சி தொடங்குவதோ பள்ளி விட்ட பிறகு. அவள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஐந்தரைக்கு. மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்க, அவள் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓடுவாள். இப்போது ஆட வருவதில்லை. ஆடிய கால் சும்மா இராது. அதைச் சும்மா இருக்க வைத்தது அப்பா மட்டும் இல்லை, கால அட்டவணையும்தான்.

2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். அந்தப் பேருந்து மாலை ஏழு மணிக்கும் மலையடி ஊர்களுக்குப் போகட்டும் என்கிறேன். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினாரே, அப்படி ஒருத்தி இங்கிருந்து கிளம்ப முதலில் அவள் பயிற்சியை முடித்து வீடு சேர வேண்டும்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை, தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும். அந்த மாலைப் பேருந்தைக் கேட்டு வாசல் மேசையில் மனு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கிறோம். பெற்றோர்கள், குறிப்பாக அப்பாக்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.